காட்டினூடே மலைச் சைக்கிள் தடம் அமைத்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

காட்டுக்குள் மலைச் சைக்கிள் ஓடுவதற்கென ஒரு தடம் அமைப்பது என்றதும், பற்றைகளை வெட்டி வழியைத் துப்புரவாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். வெட்டுவதும் துப்புரவாக்குவதும் அந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. ஒரு தடம் பல மாரிகளைத் தாண்டி நிலைக்குமா, முதல் மாரியிலேயே அரிபட்டுப் பள்ளமாகிவிடுமா என்பதைத் தீர்மானிப்பது மழைநீர்தான். தடம் அமைப்பவர் சைக்கிள் ஓடுபவருக்காகவே உழைக்கிறார் என்றாலும், அவருடைய யோசனையில் பெரும்பகுதி தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தடத்தை எந்த இடத்தில் தொடுகிறது, எப்படி அதை விட்டு வெளியேறுகிறது என்பதிலேயே கழிகிறது. இந்த விளக்கத்தில் வரும் அளவுகளும் விதிகளும் பெரும்பாலும் அந்தக் கேள்விகளுக்கான விடைகளே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. பாடசாலைக்கும் ரியூசனுக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போய்ப் பழகிய நமக்கு அதை ஓட்டுவதைப் பற்றி எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கும் இந்த நிலத்தில், சரிவு என்பது அன்றாட அனுபவத்தில் இல்லாத ஒன்று. கியரும் அகன்ற ரயரும் கொண்ட சைக்கிளை வாங்கியவர்கள் வன்னிக் காட்டோரங்களுக்கோ மலையகத்துக்கோ போகும்போதுதான் சரிவை முதன்முதலாகக் கால்களில் உணர்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் காட்டுத் தடங்களின் படங்களைப் பார்த்தால், வளைவுகளும் ஏற்ற இறக்கங்களும் தாமாகவே அமைந்தவை போலத் தோன்றும். அவை அளந்து, கொடி கட்டி, மீண்டும் மீண்டும் நடந்து பார்த்துத் தீர்மானிக்கப்பட்டவை.

இந்த விளையாட்டு 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் பகுதி மலைகளில் உருப்பெற்றது. அங்குள்ள இளைஞர்கள் பழைய, பாரமான சைக்கிள்களில், தீயணைப்பு வாகனங்களுக்காக வெட்டப்பட்டிருந்த செங்குத்தான மண் வீதிகளால் இறங்கி ஓடினார்கள். பின்னர் நடைபயணிகளின் காட்டுப் பாதைகளிலும் சைக்கிள்கள் நுழைந்தபோது முரண்பாடுகள் எழுந்து, பல பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அந்தச் சூழலில் 1988 இல் உருவான சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம், மண்ணைக் கெடுக்காமல் தடம் அமைக்கும் முறைகளைத் தொகுத்துப் பரப்பியது. கீழே தரும் அளவுகளில் பெரும்பாலானவை அந்த மரபில் வந்தவை.

முதலில் சரிவை எண்ணாகச் சொல்லப் பழக வேண்டும். கிடையாக 100 மீற்றர் போகும்போது நிலம் 10 மீற்றர் உயர்ந்தால் அது 10 வீதச் சரிவு. இதை அளப்பதற்கென விற்கப்படும் கிளினோமீற்றர் என்ற சிறு கருவியும், கைத்தொலைபேசிச் செயலிகளும் உள்ளன. ஆனால் நம் மேசன்மார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ஒளிபுகும் ரியூப்பே தொடக்கத்துக்குப் போதும் என்பது என் கருத்து, ஏனெனில் அது சரிவைக் கண்முன்னே காட்டுகிறது. 12 மீற்றர் நீளமான ரியூப்பில் காற்றுக்குமிழ் நிற்காதபடி தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் சென்ரிமீற்றர் குறித்த இரண்டு தடிகளில் கட்டிக்கொண்டு, இருவர் 10 மீற்றர் இடைவெளியில் நிற்க வேண்டும். மேலே நிற்பவருடைய தடியில் தண்ணீர் 60 சென்ரிமீற்றர்க் குறியிலும், கீழே நிற்பவருடைய தடியில் 140 சென்ரிமீற்றர்க் குறியிலும் நின்றால், வித்தியாசம் 80 சென்ரிமீற்றர். அதாவது 10 மீற்றருக்கு 80 சென்ரிமீற்றர், 8 வீதம். ஒரு பின்னேரம் இப்படி அளந்து பார்த்தவர்கள், கண்மதிப்பு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை உடனே அறிந்துகொள்வார்கள்; அடர்ந்த காட்டில் தொடுவானம் தெரியாதபடியால் அந்த ஏமாற்றம் இன்னும் கூடும்.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு சரிவுகளை அளக்க வேண்டும். ஒன்று மலைப்பக்கத்தின் சரிவு, அதாவது தண்ணீர் தானாக விட்டால் ஓடிவிடும் திசையில் உள்ள சரிவு. மற்றது தடத்தின் சரிவு. இரண்டும் ஒரே திசையில் அமைந்தால், அதாவது தடம் மேலிருந்து கீழே நேராக இறங்கினால், மழைநீருக்குத் தடத்தை விட்டு விலக எந்தக் காரணமும் இல்லை. தோட்டத்துக்கு இறைக்கும்போது, தண்ணீர் பாத்தியை அடையும்வரை வாய்க்காலை விட்டு வெளியேறாதபடி இரு பக்கமும் வரம்பு கட்டிக் காக்கிறோம். தடத்தில் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிரானது: தண்ணீர் ஒரு பக்கத்தால் வந்து, மெல்லிய படலமாகத் தடத்தைக் குறுக்கே கடந்து, மறுபக்கத்தால் போய்விட வேண்டும், தடத்தின் வழியே நெடுகிலும் ஓடக்கூடாது. ஆகவே தடம் மலைப்பக்கத்தைக் குறுக்காக, சமவுயரக் கோட்டை ஏறத்தாழ ஒட்டியபடி, மெதுவாக ஏறியோ இறங்கியோ செல்ல வேண்டும்.

எவ்வளவு மெதுவாக என்பதற்குப் பாதி விதி என்று ஒன்று உண்டு. தடத்தின் சரிவு, அது கடக்கும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது. பாதியைத் தாண்டினால், தண்ணீருக்குக் குறுக்கே கடந்து போவதைவிடத் தடத்தின் வழியே ஓடுவது இலகுவாகிவிடும். மலைப்பக்கம் 12 வீதம் சரிந்திருந்தால் தடம் 6 வீதத்துக்குள் இருக்க வேண்டும். மலைப்பக்கம் 30 வீதம் என்றால் கணக்கின்படி 15 வீதம்வரை போகலாம் எனத் தோன்றினாலும், தடத்தின் மொத்தச் சராசரி 10 வீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு மேற்பட்ட சரிவுகள் உறுதியான மண்ணில், குறுகிய தூரத்துக்கு மட்டுமே தாங்கும். எவருக்காக அமைக்கிறோம் என்பதும் இதில் சேரும். பச்சை வட்டக் குறியிட்ட இலகுவான தடங்கள் 90 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட அகலமும் 5 வீதத்துக்குள் சராசரிச் சரிவும் கொண்டவை. நீலச் சதுரக் குறியிட்டவை 60 சென்ரிமீற்றர்வரை ஒடுங்கி 10 வீதம்வரை போகலாம். கறுப்பு வைரக் குறியிட்டவை அதிலும் ஒடுக்கமானவை, 15 வீதம்வரை சரிவானவை. முதல் தடத்தைப் பச்சை அளவில் அமைப்பதே புத்தி. அதில் எட்டு வயதுப் பிள்ளையும் ஓடலாம், பிழைகளும் மெதுவாகவே வெளிப்படும்.

அளக்கத் தெரிந்த பின் காட்டுக்குள் நடக்கலாம், ஆனால் அதற்குமுன் இரண்டு உறுதிகள் வேண்டும். முதலாவது அனுமதி. இலங்கையின் காடுகளில் பெரும்பகுதி 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் காடுகள் கட்டளைச் சட்டத்துக்கோ, 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கோ உட்பட்டவை. ஒதுக்கப்பட்ட காட்டில் எழுத்துமூல அனுமதியின்றி ஒரு செடியைக்கூட வெட்டித் தடம் போடக்கூடாது. தனியார் காணி என்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

இரண்டாவது மிதிவெடி. வடக்கில் இதை ஒரு சம்பிரதாய எச்சரிக்கையாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. போர் 2009 இல் முடிந்தது. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றும் பணியில் பல நிறுவனங்கள் நீண்ட காலமாக உழைத்துள்ளன. இருந்தபோதிலும், குறித்த காணி துப்புரவு செய்யப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்திலும் மிதிவெடி அகற்றும் பணிக்குப் பொறுப்பான அலுவலகத்திலும் கேட்டு உறுதிசெய்யாமல் மண்வெட்டியை எடுக்கக்கூடாது. விறகுக்குப் போகிறவர்களும் மாடு சாய்க்கிறவர்களும் நெடுங்காலம் நடந்த வழி என்பது நடப்பதற்கு ஓரளவு ஆறுதல் தரலாம். தோண்டுவதற்கு அது சான்றாகாது. தடம் அமைப்பவர் மற்றவர்கள் கால் வைக்காத ஆழத்துக்குப் போகிறார் என்பதை மறக்கக்கூடாது.

இந்த இரண்டும் உறுதியான பிறகு, நிலத்தை முதன்முதலாகப் பார்க்கச் சிறந்த காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகீழ்ப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்போது நடந்தால், தண்ணீர் தேங்கும் தாழ்வுகளும், சிற்றோடையாக ஓடும் கீறல்களும், மழை விட்டு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும் மேடுகளும் கண்ணுக்குத் தெரியும். அதே நிலம் ஆடி மாதத்தில் ஒரே மாதிரியாகவே இருக்கும். நடக்கும்போது, தடம் கட்டாயம் தொட வேண்டிய இடங்களையும் கட்டாயம் தவிர்க்க வேண்டிய இடங்களையும் ஒரு படத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய பாறை, குளக்கட்டு தெரியும் மேடு, நிழல் நிறைந்த ஒரு திருப்பம் ஆகியவை தொட வேண்டியவை. சேற்று நிலம், ஓடையின் அரிபட்ட கரை, யாருடையதோ வேலி, ஆகியவை தவிர்க்க வேண்டியவை.

வன்னிக் காட்டில் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் விலங்குகளின் வழிகளும் சேர்கின்றன. யானைகள் குளத்துக்கு வரும் தடங்கள் அகலமாகவும் அழகாகவும் இருப்பதால், அவற்றையே பயன்படுத்திவிடலாம் என்ற ஆசை வரும். அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். கரடியைப் பற்றி இன்னும் கவனம் தேவை. வைகாசி முதல் ஆடிவரை பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடிகள் பாலை மரங்களை நாடி வரும். சத்தமில்லாமல் வேகமாக வரும் சைக்கிள் ஒன்று வளைவில் திடீரென எதிர்ப்பட்டால், கரடி ஓடுவதற்குப் பதிலாகத் தாக்கவே கூடும். எனவே பாலை மரங்கள் கூட்டமாக நிற்கும் இடத்தைச் சுற்றி விலகிச் செல்வதும், பழக்காலத்தில் அந்தப் பகுதியை மூடிவிடுவதும், விடியற்காலையிலும் பொழுதுபடும் வேளையிலும் ஓடாமல் இருப்பதும் திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

குறித்த இடங்களை இணைத்து, பத்துப் பத்து மீற்றராகச் சரிவை அளந்தபடி, கண்ணில் படும் நிறத்தில் துணிப்பட்டிகளைக் கொடிகளாக மரங்களில் கட்டிக்கொண்டு போவது அடுத்த வேலை. முதல் முறை கட்டிய கொடிகள் அப்படியே இறுதிவரை நிற்பது அரிது. எதிர்த்திசையிலிருந்து நடந்து பார்க்கும்போது, மேலே இன்னொரு நல்ல மடிப்பு இருப்பது தெரியவரும். கொடிகளை அவிழ்த்து மீண்டும் கட்ட வேண்டியிருக்கும். கொடியை மாற்றுவது ஒரு பின்னேர வேலை, தோண்டிய தடத்தை மாற்றுவது ஒரு பருவத்து வேலை.

அடர்ந்த காட்டில் வெட்டும் வேலைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். தலைக்கு மேல் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் உயரம்வரையும், பக்கவாட்டில் கைப்பிடியும் தோளும் தட்டாத அளவுக்கும் வெளி இருந்தால் போதும். அதற்கு மேலே மரக்கூரை மூடியபடி இருக்கட்டும். அது மழைத்துளியின் வேகத்தைக் குறைத்து மண்ணைக் காக்கிறது. நிழல் இருப்பதால் புல்லும் பற்றையும் மீண்டும் வளர்வது மெதுவாகிறது. வீரை, பாலை, முதிரை போன்ற முதிர்ந்த மரம் ஒன்று வழியில் நின்றால் தடம்தான் வளைய வேண்டும். அப்படி வளையும்போது மரத்தின் மேற்புறமாகப் போவது நல்லது. கீழ்ப்புறமாகப் போனால், தோண்டும்போது மரத்தைத் தாங்கும் வேர்கள் வெளியே வந்துவிடும். சிறு தண்டுகளைக் கத்தியால் சாய்வாக வெட்டி விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. சைக்கிளிலிருந்து விழுபவருக்கு அந்தக் கூர்முனை ஈட்டிக்கு நிகரான ஆபத்து. எனவே தண்டை வேரோடு கிளப்ப வேண்டும், முடியாவிட்டால் நிலமட்டத்துக்குக் கீழே தட்டையாக அறுத்து மண்ணால் மூட வேண்டும். சூரை முள்ளையும் காரை முள்ளையும் தடத்திலிருந்து கடைசித் துண்டுவரை பொறுக்கி எடுப்பது அலுப்பான வேலைதான். செய்யாவிட்டால் ஒவ்வொரு ஓட்டமும் ஒட்டுப்போடுவதில்தான் முடியும்.

இனித் தோண்டுவது. வெளிநாடுகளில் காட்டுத்தீ அணைப்போருக்கென உருவான புலாஸ்கி, மக்லவுட் என்ற கருவிகளைப் பயன்படுத்துவார்கள். முன்னது கோடாலியும் களைவெட்டியும் ஒரே தலையில் சேர்ந்தது, பின்னது அகன்ற வெட்டியும் பல்வாரியும் சேர்ந்தது. நமக்கு மண்வெட்டி, அலவாங்கு, கைவாள், இரும்புப் பற்கள் உள்ள குப்பைவாரி ஆகியவை போதும். முதலில் மேலே கிடக்கும் சருகை வாரி ஓர் ஓரமாகக் குவிக்க வேண்டும், அது பின்னர் தேவைப்படும். சருகின் கீழே உக்கிய இலைகளும் மெல்லிய வேர்களும் பின்னிய கருமண் இருக்கும். கையில் எடுத்துப் பிடித்தால் பஞ்சுபோல அமுங்கும், விட்டால் மேலெழும். இந்த மண் தண்ணீரை உறிஞ்சிச் சேறாகும் என்பதால் தடத்தின் மேற்பரப்பில் இதற்கு இடமில்லை. முழுவதையும் அகற்றி, கீழே உள்ள இறுகிய செங்கபில மண் தெரியும்வரை போக வேண்டும். அந்த மண்ணை ஈரமாக உள்ளங்கையில் உருட்டினால் உருண்டையாக நிற்கும், அழுத்தினால் உடையும். அதன்மேல்தான் சக்கரம் ஓட வேண்டும்.

மலைப்பக்கத்தில் அந்த இறுகிய மண்ணை ஒரு படிபோல வெட்டி எடுப்பதே தடம். 40 வீதம் சரிந்த பக்கத்தில் 90 சென்ரிமீற்றர் அகலமான தடம் வெட்டினால், உட்புறத்தில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரமான வெட்டுமுகம் தோன்றும். வெட்டிய மண்ணை வெளிவிளிம்பில் கொட்டி, அதையும் சேர்த்து அகலமாக்கிவிட்டால் பாதி உழைப்பு மிச்சமாகும் என்று தோன்றும். அப்படிக் கொட்டிய மண் ஒருபோதும் கீழே உள்ள மண்ணோடு முழுமையாக இறுகாது. ஒரு மாரியில் விளிம்பு இறங்கி, சக்கரம் வழுக்கும். முழு அகலமும் வெட்டிய மண்ணிலேயே இருக்க வேண்டும், எடுத்த மண்ணைச் சரிவில் தூரமாக, மெல்லியதாக வீசிவிட வேண்டும். உட்புற வெட்டுமுகத்தையும் சுவர்போல நிமிர்த்தி விடாமல், மேல்நோக்கிச் சாய்த்துச் செதுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இடிந்து தடத்தில் விழும்.

தடத்தின் மேற்பரப்பு வெளிப்புறமாக 5 வீதம் சாய்ந்திருக்க வேண்டும். 90 சென்ரிமீற்றர் அகலத்துக்கு இது நாலரை சென்ரிமீற்றர் மட்டுமே, ஓடுபவருக்குத் தெரியவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஒரு போத்தல் தண்ணீரை உட்புறத்தில் ஊற்றிப் பார்ப்பது எளிய சோதனை: அது குறுக்கே கடந்து விளிம்பால் வழிந்தால் சரி, நெடுகிலும் ஓடினால் இன்னும் செதுக்க வேண்டும். இறுதியாக, குவித்து வைத்த சருகையும் கருமண்ணையும் தோண்டிய காயங்களின் மேல் பரப்பிவிட்டால், காடு அந்த இடங்களை விரைவில் மூடிக்கொள்ளும்.

ஆனால் வெளிச்சாய்வு நிரந்தரமானதல்ல. சக்கரங்கள் நடுப்பகுதியை அமுக்க அமுக்க அது தாழ்கிறது, ஒதுங்கும் மண் வெளிவிளிம்பில் சிறு வரம்பாக ஏறுகிறது, தண்ணீர் உள்ளே சிறைப்படுகிறது. இதற்கான காப்பீடு, இறங்கும் தடத்தைச் சிறிது தூரத்துக்கு ஏறவிட்டு மீண்டும் இறங்கவிடுவது. அந்தச் சிறு தாழ்வில் தண்ணீருக்கு மேற்கொண்டு ஓட வழியில்லாததால், வெளிப்பக்கம் அகலமாகத் திறந்துவிட்ட வாயால் அது வெளியேறுகிறது. 6 முதல் 15 மீற்றருக்கு ஒன்றாக இவை அமைந்தால், தண்ணீர் வேகம் பிடிப்பதற்குமுன் விலக்கப்பட்டுவிடும். தடம் அமைப்பில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம் இதுதான். மண்ணைக் காக்கச் செய்யும் இதே ஏற்ற இறக்கங்களில்தான் ஓடுபவர் உடலைத் தாழ்த்தியும் எழுப்பியும், மிதிக்காமலே வேகம் எடுக்கும் இன்பத்தைப் பெறுகிறார்.

திருப்பங்களைச் சரிவு குறைந்த இடங்களில் வைக்க வேண்டும். வெளிப்புறம் உயர்த்திக் கட்டிய வளைவுகளில் தண்ணீர் உள்ளே சேரும் என்பதால், வளைவுக்கு முன்னும் பின்னும் மேற்சொன்ன தாழ்வு ஒன்று கட்டாயம். கொண்டையூசித் திருப்பத்தின் இரு கைகளுக்கும் இடையே பற்றையோ பாறையோ இல்லாவிட்டால் எல்லோரும் குறுக்கே இறங்கத் தொடங்குவார்கள், அந்தக் குறுக்குவழியே அடுத்த மாரியில் ஓடையாகும். முன்னே தெரியும் தூரம் குறைவான அடர்காட்டில் வேகத்தை அறிவிப்புப் பலகையால் குறைக்க முடியாது. வளைவுகளை நெருக்கமாக வைத்தும், நீண்ட நேர் இறக்கத்தைத் தவிர்த்தும், தடத்தை ஒரே திசைக்கு மட்டும் திறந்துமே குறைக்க முடியும்.

நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடியது, தடம் அமைப்பவர்கள் மிகவும் அஞ்சுவது செங்குத்தைக் காட்டிலும் சமதரையை என்பது. பாதி விதியை மீண்டும் நினைத்துப் பாருங்கள்: 4 வீதம் சரிந்த நிலத்தில் தடத்துக்கு 2 வீதமே மிஞ்சும், தட்டையான நிலத்தில் எதுவுமே மிஞ்சாது. தோண்டிய அளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும், ஓடுபவர்கள் சேற்றைச் சுற்றிப் போவார்கள், தடம் இரு மடங்கு அகலமாகும். ஆகவே தட்டையான காட்டில் தோண்டுவதை விட்டுவிட்டு உயர்த்த வேண்டும். பக்கத்தில் மறைவான குழிகளில் எடுத்த நல்ல மண்ணையும் கல்லையும் கொண்டு தடத்தைச் சுற்று நிலத்தைவிட ஒரு சாண் மேலே எழுப்பி, நடுவை மேடாக்கி, இரு பக்கமும் வடியவிடுவது ஒரு வழி. கனடாவின் வன்கூவர் நகருக்கு வடக்கேயுள்ள மழைக்காடுகளில், ஈர நிலத்தின் மேலும் விழுந்த மரங்களின் மேலும் சீடர் மரப் பலகைகளால் ஏணிபோன்ற பாலங்கள் அமைத்து ஓடுவது மற்றொரு வழி. நம் பக்கத்தில் கறையான் உள்ளபடியால் மண்ணும் கல்லுமே பொருத்தம் என்பேன். மணற்காட்டின் மணல்மேடுகளைப் பார்த்துவிட்டு அங்கே இறக்கம் அமைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். அவற்றின் மேல் சக்கரம் ஏறினால் மேடே நகரத் தொடங்கும். அங்கே தடம் வேண்டாம்.

வேலைக்கான காலத்தையும் சொல்ல வேண்டும். செங்கபில மண் கோடையில் அலவாங்கு தெறிக்குமளவுக்கு இறுகும், மாரியில் ஒட்டிப் பிடிக்கும். மழை ஓய்ந்து ஈரம் மிஞ்சியிருக்கும் தை, மாசி மாதங்களே தோண்டுவதற்கு ஏற்றவை. முதல் ஆண்டில் 50 மீற்றர் மட்டும் தோண்டிவிட்டு, அடுத்த மாரியின் முதல் கனமழைக்குப் பிறகு அதை நடந்து பார்க்கலாம். சருகும் வண்டலும் எந்தப் பக்கமாக ஒதுங்கிக் கோடு போட்டிருக்கின்றன, தாழ்வுகளின் வாய்கள் அடைபட்டிருக்கின்றனவா, விளிம்பில் வரம்பு ஏறியிருக்கிறதா என்பதைக் குறித்துக்கொண்டு, மண் ரயரின் கீழ் அமுங்காத அளவுக்குக் காயும்வரை எவரையும் ஓடவிடாமல் மூடி வைக்க வேண்டும். பின்னர் வாய்களைத் துப்புரவாக்கி, வரம்பைச் செதுக்கி, மீதித் தூரத்துக்குக் கட்டியிருக்கும் கொடிகளை அந்தக் குறிப்புகளின்படி மாற்றிய பிறகே அடுத்த 50 மீற்றரைத் தொடங்க வேண்டும்.